திரையாசானின் முன்பற்கள்

பழிவாங்கல் என்பது மகத்தான காரியம். அதனால் அரியணைகள் சரிந்திருக்கின்றன, கோட்டைகள் மண்மேடாகியிருக்கின்றன, வம்சங்கள் தலைமுறை தலைமுறையாகத் தூக்கம் தொலைத்திருக்கின்றன. அப்பேர்ப்பட்ட காரியம் இந்தக் குடும்பத்தில் அன்று காலை அந்தரத்தில் நின்றதற்குக் காரணம், கறுப்புச் சட்டையின் இரண்டாவது பொத்தானைக் காணவில்லை.

சின்னவள் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். கறுப்புச் சட்டை இல்லாமல் அவளுக்குப் பிழைப்பு இல்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்த்துப் படிக்க தினமும் டிவியில் வருகிறதே 'வரவேற்பறை வகுப்பு', அதில் திரையின் வலது மூலையில் ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்துக்குள் நின்று, காது கேளாத பிள்ளைகளுக்காகப் பாடம் முழுவதையும் கைகளால் சொல்பவள் அவள்தான். கறுப்புக்கு மேல்தான் கை பளிச்சென்று தெரியும். நிலையத்தில் அவளுக்குப் பெயரே வட்டம். "வட்டம் வந்தாச்சா?" "வட்டத்துக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா."

வட்டம் போக மிச்சத் திரை முழுவதும் பெரியவருக்குச் சொந்தம். பெரியவர் என்றால் அவள் கணவரின் அண்ணன். அறிவியல் நடத்துபவர். ஊருக்கு டிவி சார். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 'திரையாசான்'.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சின்னவளின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக் கிடந்தது.

பெரியவருக்குப் பட்டம் கொடுத்தார்கள், கூடவே ஒரு கேடயமும். கேடயம் சாப்பாட்டு மேஜை அளவு இருந்தது. அதைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவர் சின்னவளின் கணவர், பெரியவரின் கூடப்பிறந்த ஒரே தம்பி. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பல் செட் செய்வது தொழில் என்பதால் தெருவில் அவர் பல்காரர். அண்ணனுக்கு விருது என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய், உட்கார இடம் கிடைக்காமல் கடைசிவரை சுவரோரம் நின்று கைதட்டிவிட்டு வந்த மனிதர்.

படம் எடுக்க வந்த பத்திரிகைக்காரர் சும்மா இருக்காமல் கேட்டார்: "இவர் யாரு சார்? உங்க முகச்சாயல் அப்படியே இருக்கே?"

பெரியவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்: "இவரா? சாமான் தூக்க வந்த ஆளு."

சின்னவள் அதைக் காதால் கேட்டாள். பல்காரர் கண்ணால் கேட்டார். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிப்பதில் அவர் கெட்டிக்காரர், அதிலும் அது சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய உதடு. அவர் கேடயத்தைக் கீழே போடவில்லை. காரின் பின்சீட்டில் பதமாக வைத்து, கண்ணாடியில் பட்ட விரல் தடத்தையும் துடைத்துவிட்டு, வீடுவரை நடந்தே வந்தார்.

அன்றிலிருந்து சின்னவளுக்கு உலகத்தில் வேண்டியது ஒரே ஒரு சொல். 'தம்பி'. அந்த வாயிலிருந்து, ஊர் பார்க்க, அந்தச் சொல் வந்தாக வேண்டும். தானாக வராவிட்டால் அந்த வாயை ஊர் பார்க்கச் சந்திக்கு இழுத்தாக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அவளுக்குச் சம்மதம். மனசைத் தொட்டுச் சொல்வதென்றால், இரண்டாவது கொஞ்சம் கூடுதலாகவே சம்மதம்.

பொத்தான் கட்டில் காலின் மறைவில் கிடைத்தது. அதைத் தைத்துக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து படியிறங்கும் சத்தம் கேட்டது. பெரியவர் குடும்பம் மாடியில், இவர்கள் கீழே. வருவது பெரியவரின் மனைவி, மாடியக்கா.

"சின்னவளே, இருக்கியா?"

"எங்கக்கா போயிடப் போறேன். வாங்க."

மாடியக்கா முந்தானைக்குள்ளிருந்து கைக்குட்டையில் சுற்றிய சின்ன டப்பா ஒன்றை எடுத்தாள். எடுத்த விதத்தைப் பார்த்தால் உள்ளே நகை இருப்பதாக யாரும் நினைப்பார்கள். இருந்தது பெரியவரின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும், அவற்றைப் பிடித்திருக்கும் இளஞ்சிவப்புத் தகடும்.

குளியலறையில் வழுக்கி விழுந்து பெரியவர் அந்த நான்கையும் பறிகொடுத்தது குடும்பத்துக்குள் புதைத்து வைத்த ரகசியம். அதற்குப் பிறகு வந்ததுதான் ஊரெல்லாம் புகழும் அந்தத் திரையாசான் சிரிப்பு. தம்பி செய்து கொடுத்த சிரிப்பு.

"கொஞ்சம் ஆடுதாம்டி. இன்னிக்குப் பல் பாடமாம். நேரலையில ஆப்பிள் கடிச்சுக் காட்டணுமாம். அவசரமா இறுக்கித் தரச் சொன்னார்."

"அவரே இறங்கி வந்திருக்கலாமே. படி ஒண்ணும் இடிஞ்சு விழலையே."

"பல்லில்லாம எப்படி வருவார்? என் முன்னாடியே துண்டை வாயில வெச்சுக்கிட்டுத்தான் நிக்கிறார். கல்யாணம் ஆன புதுசுல நான்கூட அவ்வளவு வெக்கப்படலை."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் கோபம் நீர்த்துவிடும்.

"சாமான் தூக்குற ஆளுகிட்ட போயா பல்லைக் குடுத்தனுப்புறார்?"

மாடியக்கா தரையைப் பார்த்தாள். "ஏதோ ஒரு வேகத்துல வந்துடுச்சும்மா. நானும் சொல்லிப் பாத்தேன், தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்கன்னு. 'அவனுக்குத்தான் காது கேக்காதே, அவன் எங்க அதைக் கேட்டிருக்கப் போறான்'னு சொல்றார்."

சின்னவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள். வேறு எதுவும் பேசவில்லை. பேசாததைப் பார்த்து மாடியக்காவுக்குத்தான் பயம் வந்தது. "எதுவும் பண்ணிடாதேடி" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் படியேறினாள்.

பின்பக்க அறைதான் பல்காரரின் பட்டறை. சுவர் நீளத்துக்கு அலமாரி. அதில் வரிசையாக பிளாஸ்டர் வாய்கள். அவரிடம் பல் செய்துகொண்ட ஒவ்வொருவரின் அச்சும் அங்கே இருக்கும். எது யாருடைய வாய் என்று எதிலும் எழுதியிருக்காது. ஊரில் கம்பீரமாகச் சிரிக்கிற பாதிப் பேர் அந்த அலமாரியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இங்கே தேடி வருவதற்குக் கைவேலை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. காது கேளாதவர் ஊர்வம்பு பேச மாட்டார் என்ற நம்பிக்கை அது. பல்காரருக்கு அது தெரியும். அதற்காகக் கோபப்பட்டதில்லை. அந்த நம்பிக்கையைத் தன் தொழிலின் மூலதனமாக வைத்துப் பிழைத்தார்.

அவர் டப்பாவைத் திறந்தார். தகட்டின் இரு ஓரத்துக் கம்பிகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறடை எடுத்தார்.

சின்னவள் அவர் பார்வைக்கு நேராக வந்து நின்று கைகளால் சொன்னாள்: "விட்டுடுங்க. ஆடட்டும்."

அவர் புருவத்தைத் தூக்கினார்.

"ஆப்பிளோட சேந்து வெளிய வரட்டும். அத்தனை வீட்டு வரவேற்பறையிலயும் வந்து விழட்டும்."

பல்காரர் குறடைக் கீழே வைத்தார். கையில் சாமான் இருந்தால் அவரால் பேச முடியாது. அவர் குறடைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"இது அண்ணன் பல்லு இல்ல. என் வேலை. என் வேலை விழாது."

"அவர் உங்களைத் தம்பின்னே சொல்லலை."

"சொல்லாட்டி நான் தம்பி இல்லாம போயிடுவேனா?"

"உங்களுக்கு வலிக்கலையா?"

"வலிச்சுது. அதுக்காகக் கம்பியைத் தளர்த்துவேனா? நாளைக்கு யார் பல்லு கழண்டாலும் பல்காரன் வேலைன்னுதான் சொல்வாங்க."

அவள் மேற்கொண்டு ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். அவர் கண்களை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் சண்டை முடிகிற விதம் அதுதான். மற்ற வீடுகளில் காதைப் பொத்திக்கொண்டாலும் நாலு வார்த்தை உள்ளே நுழைந்துவிடும். இங்கே இமையை மூடினால் கதவைத் தாழ்போட்ட மாதிரி. காற்றில் கையை வீசிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கண்ணைத் திறந்ததும் அவர் ஒன்று மட்டும் சொன்னார். "வாய்க்குள்ள பாத்தது வெளிய போகக் கூடாது. இந்த அறையில இருக்கற எந்த வாயைப் பத்தியும். ஞாபகம் வெச்சுக்கோ."

பிறகு இரண்டு கம்பிகளையும் இறுக்கி, தகட்டை மெருகேற்றி, டப்பாவில் வைத்து மூடினார். அதை மாடிப்படியில் வைத்துவிட்டு வந்தவளும் சின்னவள்தான்.

ஒளிபரப்பு நிலையத்தில் வரவேற்பறை தயாராக இருந்தது. சோபா உண்டு, உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும். ஜன்னல் உண்டு, திறந்தால் சுவர். அலமாரி நிறையத் தடித்தடியான அறிவியல் புத்தகங்கள் உண்டு, எல்லாம் வெறும் முதுகு அட்டைகள், பலகையில் ஒட்டியவை. அவற்றின் முன்னால் பெரியவர் மேலே கோட்டும் கீழே வீட்டுக் கால்சட்டையுமாக உட்கார்ந்திருந்தார். மேஜைக்குக் கீழே கேமரா பார்க்காது.

சின்னவளின் இடம் ஒரு மூலையில், தனிக் கேமராவுக்கு முன்னால், சாம்பல் திரைக்கு எதிரே. காதில் ஒரு ஒலிக் குமிழ். பெரியவர் பேசுவது அதில் விழும், இவள் கையில் வெளியே வரும்.

"என்னம்மா, தயாரா?" என்றார் பெரியவர், புதிதாக இறுகிய பற்களுடன். "கையை ரொம்ப வீசாதே. போன வாரம் பிள்ளைங்க கவனம் உன் பக்கம் போகுதுன்னு ஒரு புகார் வந்திருக்கு."

"யார் குடுத்தாங்க மாமா?"

"நான்தான்."

தயாரிப்பாளர் அம்மாள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். அவர் சின்னவளைப் பார்ப்பது மின்விசிறியைப் பார்ப்பது போலத்தான்: சுற்றிக்கொண்டிருந்தால் சரி. அந்தக் கட்டடத்தில் சைகை மொழி தெரிந்த இன்னொரு ஜீவன் கிடையாது. காது கேளாத தம்பியோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த பெரியவருக்குத் தெரிந்த சைகைகள் இரண்டு. ஒன்று 'வா'. மற்றது 'போ'.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"அன்புக் குழந்தைகளே! பல் என்பது என்ன? பல் என்பது மனிதனின் கண்ணியம்!"

சின்னவள் கண்ணியமாகவே மொழிபெயர்த்தாள். வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று ஒவ்வொன்றாக அவள் விரல்களில் முளைத்தன. சத்தியமாக அவள் மனசில் அதுவரை எந்தத் திட்டமும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. கணவரின் மூடிய கண்கள் ஞாபகம் இருந்தன.

பெரியவர் ஆப்பிளைக் கையில் எடுத்தார்.

"என் பல்லைப் பாருங்க. இந்த வயசுல ஒரு சொத்தை உண்டா? ஒரு ஆட்டம் உண்டா? காரணம் என்ன? ஒழுக்கம்! காலையிலயும் ராத்திரியும் துலக்கி, நானே பாத்துப் பாத்துக் காப்பாத்தின பல்லு. இதுல வேற யார் கையும் படலை!"

கடித்தார். 'கரக்' என்ற சத்தம் ஒலிவாங்கியில் அமிர்தமாக விழுந்தது. தகடு அசையவில்லை. கம்பி அசையவில்லை. பல்காரரின் வேலை அன்று பாறையாக நின்றது. ஆப்பிளில் நான்கு பல் தடமும் வரிசை தப்பாமல் பதிந்திருந்தது. பெரியவர் அதைக் கேமராவுக்குத் திருப்பிக் காட்டினார்.

வேற யார் கையும் படலை.

சின்னவள் அதை மொழிபெயர்க்கவில்லை. அவள் கைகள் ஒரு நொடி மார்புக்கு முன்னால் நின்றன. பிறகு தானாகப் பேச ஆரம்பித்தன.

'பிள்ளைகளே, அந்த முன்பற்கள் நான்கும் செட். அதைச் செய்தவர் என் கணவர். இன்று காலை இறுக்கிக் கொடுத்தவரும் அவர்தான். உங்களைப் போலவே காது கேளாதவர். ஆப்பிள் கடிக்கிற இவருக்குக் கூடப்பிறந்த தம்பி. போன ஞாயிற்றுக்கிழமை விருது மேடைக்குப் பக்கத்தில் அவரை யார் என்று கேட்டார்கள். சாமான் தூக்க வந்த ஆள் என்று இவர் சொன்னார்.'

நிறுத்தினாள். நிறுத்த மனம் வரவில்லை. ஆப்பிள் கடித்த கடி யாருடையது, திரையில் தெரிகிற சிரிப்பு யாருடையது, மாடியில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றது யார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மாடியக்காவின் வெட்கத்தை மட்டும் விட்டுவிட்டாள். அவ்வளவு தூரத்துக்கு அவள் கெட்டவள் இல்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தயாரிப்பாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு அழைப்பு நேரம். முதலில் ஒரு தாய்.

"சார், வணக்கம். என் பையனுக்குக் காது கேக்காது. வட்டத்துல வர்றதைப் பாத்துத்தான் படிக்கிறான். இன்னிக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறான் சார். பல் பாடத்துல அப்படி என்ன இருக்குன்னு எனக்குப் புரியலை."

பெரியவரின் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அதாம்மா என் பாணி. அறிவியலைச் சிரிச்சுக்கிட்டே படிக்கணும். பாருங்க, காது கேக்காத குழந்தையைக்கூட என் நகைச்சுவை போய்ச் சேந்திருக்கு!"

சின்னவள் அதை அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தாள். அந்தப் பையனுக்கு வயிறு வலித்திருக்கும்.

அடுத்த அழைப்பில் ஒரு இளம்பெண்ணின் குரல். "சார், என் தங்கச்சி ஒரு கேள்வி கேக்கணும்கிறா. அவ கையால சொல்றதை நான் அப்படியே சொல்றேன்." ஒரு இடைவெளி. "உங்க தம்பி நல்லா இருக்காரான்னு கேக்குறா."



சின்னவள் பெரியவரின் வாயையே பார்த்தாள். இதோ, வாசல் தானாகத் திறந்திருக்கிறது. சும்மா ஒரு 'ஆமா, நல்லா இருக்கான்' போதும். 'என் தம்பிதான்' போதும். சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் இந்த நிமிஷமே துடைத்துவிடலாம். இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கித் தயாராக வைத்துக்கொண்டாள். அந்தச் சொல்லை ஏந்தி வாங்குவது போல.

பெரியவரின் கண்கள் மட்டும் அலைந்தன. சிரிப்பு அப்படியே இருந்தது. தகடு இறுகியிருந்ததே!

"ஹலோ? ஹலோ? எனக்குக் காது கேக்கலையேம்மா!"

"தம்பி சார்! உங்க தம்பி!"

"இல்லம்மா. எனக்குச் சுத்தமா காது கேக்கலை. அடுத்த அழைப்புக்குப் போவோம்."

அழைப்பு மணியடித்தது போல் தெளிவாக விழுந்திருந்தது. ஒலிப்பதிவாளர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

சின்னவள் வட்டத்துக்குள் நிமிர்ந்து நின்றாள். ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல், அழகான சைகையில் சொன்னாள்: 'எனக்குக் காது கேட்கவில்லை என்கிறார்.'

அதற்குமேல் பழிவாங்க எதுவும் இருப்பதாக அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கைபேசி ஓயாமல் அதிர்ந்தது. வீடியோமேல் வீடியோவாகக் காது கேளாத பிள்ளைகள், அவர்களின் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள். ஒருவன் ஆப்பிளைக் கடித்து, பல் கழன்று விழுவது போல நடித்து அனுப்பியிருந்தான். ஒருத்தி பல்காரருக்கு வணக்கம் வைத்திருந்தாள். சின்னவள் தனக்குள் சிரித்துச் சிரித்து, பக்கத்து இருக்கைக்காரி பையை மடியில் இழுத்து வைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டாள்.

அவற்றுக்கு நடுவில் ஒரு சின்னச் செய்தி. 'அக்கா, பின்கடைவாய்ப் பற்கள் மொத்தம் எத்தனைன்னு நீங்க சொல்லவே இல்லை. நாளைக்கு எங்களுக்குப் பரீட்சை.'

சிரிப்பு நின்றது. பெரியவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கைகள் வேறு கதை பேசிக்கொண்டிருந்தன. பதில் போட விரலை வைத்தாள். விரல் நின்றது. இத்தனை வருஷமாக எத்தனையோ பாடம் அவள் காதில் நுழைந்து கைவழியே வெளியேறியிருக்கிறது. நடுவில் தலையில் எதுவும் தங்கியதில்லை. பல்காரரின் மனைவிக்குப் பல் எண்ணிக்கை தெரியவில்லை.

அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தபோது தயாரிப்பாளரின் அழைப்பு வந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? காது கேளாதோர் பள்ளிக்கூடத்துலேருந்து போன் மேல போன். நிலைய இயக்குநர் அறையில வெச்சு, நீ கையால சொன்னது எல்லாத்தையும் எழுதி உங்க மாமாவுக்குப் படிச்சுக் காட்டினாங்க. கோபத்துல நறநறன்னு பல்லைக் கடிச்சார் பாரு, ஏதோ சத்தம் கேட்டுது. அப்புறம் கோட்டுக் கையால வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிட்டார். நாளைக்குக் காலையில முதல் வேலையா நீ இயக்குநரைப் பாக்கணும். கறுப்புச் சட்டை வேண்டாம்."

வீட்டில் டிவி அணைந்திருந்தது. பல்காரர் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அலமாரியில் பல்வரிசைகளுக்கு நடுவே ஒரு இடம் காலியாக இருந்தது. பல் விழுந்த வாய் போல.

"யாருது?" என்று கையால் கேட்டாள்.

"வக்கீலோடது. வந்து அச்சைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டார். அவர் பேத்திக்கும் காது கேக்காது. அவளும் வரவேற்பறை வகுப்புதான் பாக்குறா."

"நான் வக்கீல் பேரையே எடுக்கலையே."

"இன்னிக்கு அண்ணன் வாய். நாளைக்கு எங்க வாயோன்னு கேக்குறார். தப்பா?" அவர் கைகள் மெதுவாகத்தான் அசைந்தன. அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தால் அப்படித்தான். "நான் வாயைத் திறக்க மாட்டேன்னுதான் எல்லாரும் என்கிட்ட வாயைத் திறந்தாங்க."

"உங்களுக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகவா? நான் கேட்டேனா?"

அவர் கண்களை மூடிக்கொண்டார். சின்னவள் அந்த மூடிய இமைகளுக்கு முன்னால் நின்று, உங்களுக்காகத்தான், உங்களுக்காகத்தான் என்று மறுபடி மறுபடி கைகளால் சொன்னாள். சுவரிடம் சொல்லியிருந்தால் சுண்ணாம்பாவது உதிர்ந்திருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்த கோபமெல்லாம் மாடிமேல்தான். இத்தனைக்கும் மூலம் அந்த மனிதரின் வாய். அந்த வாய் இன்னும் ஒரு சொல் பாக்கி வைத்திருக்கிறது.

பட்டறை விளக்கு விட்டுவிட்டு மின்னியது. வாசல் மணியை யாரோ அழுத்துகிறார்கள் என்று அர்த்தம். அந்த வீட்டில் மணி ஒலிக்காது, ஒளிரும். வெளிச்சம் இமைக்குள் புகுந்து பல்காரரைக் கண் திறக்க வைத்தது.

வாசலில் பெரியவர். கோட்டு இல்லை. பட்டம் இல்லை. வாயை மறைத்து முகத்தில் பாதிக்கு ஒரு கைக்குட்டை. இன்னொரு கையை நீட்டி விரித்தார். உள்ளங்கையில் இளஞ்சிவப்புத் தகடு, நடுவில் பிளந்து இரண்டு துண்டாக, ஆளுக்கு இரண்டு பல்லோடு.

பல்காரர் துண்டுகளை வாங்கினார். அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. உடைந்த விளிம்புகளை ஒட்டிப் பார்த்தார், கம்பிகளைத் தடவிப் பார்த்தார். கம்பிகள் இம்மியும் நகரவில்லை. அதில் அவருக்கு ஒரு சின்னத் திருப்தி.

பெரியவர் தலை நிமிரவே இல்லை. மிதியடியைப் பார்த்தபடி, கைக்குட்டைக்குள்ளிருந்து, காற்றாகச் சிதறுகிற சொற்களில் சின்னவளிடம் பேசினார்.

"சொல்லும்மா அவன்கிட்ட. தப்பு என்மேலதான். அன்னிக்குச் சபையில என் தம்பின்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துது. என் தம்பின்னு நாளைக்கு டிவியிலேயே சொல்லிடறேன். மொத்தப் பேரும் பாக்க. என் தம்பிதான் எனக்குப் பல்லு கட்டினான்னு சொல்லிடறேன். இதை மட்டும் காலைக்குள்ள ஒட்டித் தரச் சொல்லு."

தம்பி. ஒன்றுக்கு மூன்று முறை வந்துவிட்டது.

இத்தனை நாள் எதற்காக அவள் வேகிக்கொண்டிருந்தாளோ, அந்தச் சொல் வாசற்படியில், கேட்பார் ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் எட்டாமல், கைக்குட்டைக்குள் வந்து விழுந்திருந்தது. அது நெஞ்சிலிருந்து வந்ததா, வெறும் ஈறிலிருந்து வந்ததா? நாளைக்கு நேரலை இருப்பதால் வந்ததா? தகடு உடையாமல் இருந்திருந்தால் இந்த மனிதர் இந்தப் படியிறங்கியிருப்பாரா? வட்டத்துக்குள் நின்று தான் ஏந்திய இரண்டு கைகளும் காலியாகத் திரும்பியது அவளுக்கு ஞாபகம் வந்தது. பிளாஸ்டர் வரிசையில் இருந்த ஓட்டையும் ஞாபகம் வந்தது.

பல்காரர் நிமிர்ந்தார். அண்ணனின் உதட்டைத் தேடினார். கைக்குட்டை மறைத்திருந்தது. மனைவியின் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றார்?"

இந்த வீட்டில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சேர்க்கிற ஒரே பாலம் அவள்தான். அது அவளுக்குத் தெரியும்.

"தண்ணி வேணுமாம்" என்றாள் கையால்.

பல்காரர் அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு உடைந்த தகட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார்.

நீட்டிய டம்ளரைப் பார்த்ததும் பெரியவரின் கண்கள் கலங்கிவிட்டன. மன்னிப்பு இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கைக்குட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் டம்ளரை வாங்கி, வாயில் வைத்துக் குடித்தார்.

முன்பல் இல்லாததால் பாதித் தண்ணீர் சட்டையில் வழிந்தது.